ஜெபர்சனுக்காக வாதாடிய சிஹாப்தீன்

சிட்னியின் டூங்கபியில் சிஹாப்தீனைத் தெரியாத தமிழ்க் குடும்பங்கள் குறைவு. வாரநாட்களில் பஸ் டிப்போவில் டீசல் மெக்கானிக். ஞாயிறுகளில் வீட்டுக் கராஜில் தெரிந்தவர்களின் கார்களைப் பார்ப்பார். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை தமிழ் மேடைகளில் பேசுவார். சிரிக்காமல் பகிடி விடுகிற மனுசன் என்று மேடையில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. சபை விழுந்து விழுந்து சிரிக்கும்போதும் அவர் முகம் பஸ் நேர அட்டவணையை வாசிப்பவரின் முகம்போல இருக்கும். அதை எல்லோரும் திறமை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அது திறமை இல்லை என்று அவருடைய மனைவி நஸீராவுக்குத் தெரியும். வீட்டிலும் அந்த முகம்தான். மகள் நஷ்வாவின் கல்யாணப் படங்களில் குடும்பமே கண்ணீரும் சிரிப்புமாக நிற்க, நடுவில் அவர் மட்டும் கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க வந்தவர்போல நிற்கிறார். "உங்களுக்கு உள்ளுக்கு ஒண்டும் ஓடாதா?" என்று நஸீரா பல தடவை கேட்டிருக்கிறாள். "ஓடும். சத்தம் வராது" என்பார் அவர். அதையும் அவள் பகிடி என்றுதான் நினைத்தாள்.

சிஹாப்தீன் யாழ்ப்பாணத்தில், முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவில் பிறந்தவர். வாப்பாவுக்கு அங்கே சிறிய இரும்புக்கடை. ஒஸ்மானியாக் கல்லூரியில் படிக்கும்போது பேச்சுப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார். முதலிடம் பெற்றவன் மேசையில் குத்திப் பேசினானாம். இவருக்கு மேசையில் குத்தத் தோன்றவில்லை. படிப்பு முடிந்ததும் ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு கராஜில் சேர்ந்தார். கை சுத்தமான பையன் என்று முதலாளி பெரிய வேலைகளை அவரிடம் விட்டார். அந்த நாட்களில் கராஜுக்கு வருபவை பெரும்பாலும், ஊரைத் துப்பாக்கியோடு ஆண்ட இயக்கத்தின் வாகனங்கள்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் அப்படி ஒரு லொறி வந்தது. இரண்டாவது கியரில் இருந்து மூன்றாவதுக்கு மாற்றும்போது உரசும். அவர் கியர்பொக்ஸை இறக்கி, தேய்ந்த வளையத்தை மாற்றி, திரும்பப் பூட்டினார். அதே கிழமை இயக்கத்தின் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் சோனகத் தெருவுக்குள் வந்து, முஸ்லிம்கள் எல்லோரையும் மைதானத்துக்கு வரச் சொன்னது. மைதானத்தில், இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று சொன்னார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, மேலிடத்து உத்தரவு என்று பதில் வந்தது. போகிறவர்களின் பைகளைச் சந்தியில் சோதித்தார்கள். நகைகளையும் பணத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

எல்லையில் கொண்டுபோய் விடுவதற்குச் சில லொறிகள் நின்றன. வாப்பா, உம்மா, தங்கையுடன் சிஹாப்தீன் ஏறிய லொறி அவர் திருத்திக் கொடுத்த லொறிதான். அவர் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சனம் அழுதுகொண்டிருந்தது. அவர் கியர் மாறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டில் இருந்து மூன்றுக்கு வழுக்கிக்கொண்டு போனது. வேலை சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று நினைத்தார். அன்றைக்கு அவர் மனதில் தோன்றியது அது ஒன்றுதான். கோபமும் அழுகையும் பின்னால் வரும் என்று பார்த்திருந்தார். புத்தளத்தில் அகதியாகக் கிடுகுக் கொட்டிலில் இருந்த காலத்தில் வரவில்லை. அங்கேயே உம்மா மௌத்தாகி அடக்கியபோதும் வரவில்லை. கட்டார் போனார். மன்னாரில் இருந்து அதே மாதம் துரத்தப்பட்ட குடும்பத்துப் பெண் நஸீராவைக் கல்யாணம் முடித்தார். டீசல் மெக்கானிக் என்ற தகுதியில் சிட்னிக்கு வந்தார். எங்கேயும் வரவில்லை.

சிட்னியில் அவருக்கு வாய்த்த நண்பர் சிவபாலன். கணக்காளர். பலசரக்குக் கடை வாசலில் சிவபாலன் காரை நிறுத்தியபோது, கேட்காமலே, "தம்பி, உங்கட பின் பிரேக் தேஞ்சிட்டுது" என்று சிஹாப்தீன் சொன்னதில் தொடங்கிய பழக்கம். எந்த ஊர் என்று கேட்டார்கள். சிவபாலனின் வீடு நாவலர் வீதியில். சோனகத் தெருவுக்கு நடந்து போகிற தூரம்.

"நாங்கள் சோனகத் தெரு" என்றார் சிஹாப்தீன்.

சிவபாலன் கார்ச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு, "அது ஒரு காலம் அண்ணை" என்றார்.

அதற்குப் பிறகு பதினெட்டு ஆண்டுகள் பழகியும், அந்த விஷயத்தில் அவர்களுக்கிடையே நடந்த பேச்சு அந்த ஒரு வசனம்தான். பெருநாளுக்குச் சிவபாலன் வருவார், பொங்கலுக்கு சிஹாப்தீன் போவார். சிவபாலனின் வீட்டு முன்னறையில் அவருடைய அண்ணா முரளிதரனின் படம் உண்டு. இயக்கத்துக்குப் போய் ஆனையிறவுச் சண்டையில் முடிந்துபோனவர். கார்த்திகை மாதத்தில் அந்தப் படத்துக்கு முன்னால் விளக்கு எரியும். சிஹாப்தீன் அந்த மாதத்தில் போனால் படத்துக்கு எதிரே உள்ள கதிரையில் இருக்கமாட்டார், பக்கத்துக் கதிரையில் இருப்பார். அதைச் சிவபாலன் கவனித்ததும் உண்டு. அதைப் பற்றியும் அவர்கள் கதைத்ததில்லை.

மற்றவர்கள் கதைத்தார்கள். கல்யாண வீடுகளில், பிறந்தநாள் விருந்துகளில், சிஹாப்தீன் எந்தத் தெரு என்று தெரிந்ததும் யாராவது ஒருவர் அந்தத் துரத்தலுக்குத் தாமாகவே விளக்கம் சொல்லத் தொடங்குவார். ஒவ்வொருவரும் நல்ல மனுசர். அவரை நோகப்பண்ண வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. அவரும் நோகாமல் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு மன்னிப்பு வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய மண்டபம் ஒன்றில், மைக் பிடித்து, இது நடந்தது என்று அவர்களில் ஒருவர் ஒரே ஒரு முறை சொன்னால் போதும் என்று அவருக்கு ஒரு எண்ணம் இருந்தது. விளக்கம் இல்லாமல். அதைக் கேட்டால் உள்ளே ஏதாவது அசைகிறதா என்று பார்க்கலாம். அதற்கு மேல் அந்த எண்ணத்தில் ஒன்றும் இல்லை.

இந்த ஆண்டு தமிழ்ச் சங்கத்தின் வழக்காடு மன்றத்துக்குப் புதிதாக ஒரு குற்றவாளி தேவைப்பட்டார். காப்பிய மாந்தர் எல்லோரையும் ஏற்கெனவே கூண்டில் ஏற்றி இறக்கியாகிவிட்டது. அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்து இருநூற்றைம்பது ஆண்டுகள் நிறைகின்றன என்று தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கவே, அந்தப் பிரகடனத்தை எழுதிய தோமஸ் ஜெபர்சனை ஏற்றலாம் என்று செயற்குழு முடிவு செய்தது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய மனிதர், தம் வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். வழக்குக்கு அது போதும்.

ஒரு ஞாயிறு காலை சிவபாலன் காரையும் இந்தச் செய்தியையும் கராஜுக்குக் கொண்டுவந்தார். சிஹாப்தீன் காரை ஜாக்கியில் தூக்கி, சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உங்களுக்கு எதிர்த்தரப்பு. ஜெபர்சனுக்காக வாதாட வேணும்."

"குற்றம் சாட்டுறது ஆர்?"

"கௌசிகா. உங்களுக்குத் தெரியும், லோயராய் இருக்கிற பிள்ளை. இஞ்ச பிறந்தாலும் தமிழில துணிஞ்சு கதைப்பாள்."

"எனக்குக் குற்றம் சாட்டுற பக்கம் தாங்கோ. அந்தப் பிள்ளை லோயர்தானே, எந்தப் பக்கமும் கதைக்கும்."

சிவபாலன் கராஜ் சுவரில் தொங்கிய ஸ்பனர்களைப் பார்த்தார். "கமிட்டி தீர்மானிச்சிட்டுது அண்ணை."

"கமிட்டி எண்டா நீங்கள்தானே செயலாளர்."

"ஓம்." அவர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார். "நான் ஒளிக்காமல் சொல்லுறன். விடுதலை, சமத்துவம் எண்டு எழுதினவன் இப்பிடிச் செய்யலாமோ எண்டு நீங்கள் மேடையில நிண்டு கேட்டா, சபைக்கு ஜெபர்சன் ஞாபகம் வரமாட்டார். வேற ஞாபகம் வரும். முன் வரிசையில இருக்கிற அரைவாசிப் பேரின்ர வீட்டில ஒரு படம் இருக்கு. என்ர வீட்டிலயும் இருக்கு. அதுதான் உங்களை அந்தப் பக்கம் போட்டது. உங்களுக்குப் பாதுகாப்பு, எங்களுக்கும் பாதுகாப்பு."

சிஹாப்தீன் பிரேக் கட்டையைக் கழற்றி அதன் தடிப்பைப் பார்த்தார். இன்னும் கொஞ்சக் காலம் ஓடும்.

"எங்கட விஷயத்தை எடுக்கமாட்டன் எண்டு ஒரு வாக்குத் தாங்கோ அண்ணை. எனக்காக."

"சரி" என்றார் சிஹாப்தீன்.

"கோபமோ?"

"இல்லை."

உண்மையிலேயே கோபம் இல்லை. வழக்குத் தொடுக்கும் பக்கம் கிடைத்திருந்தால், பெயர் சொல்லாமலாவது அந்த மண்டபத்தில் அதைச் சொல்லியிருக்கலாம். இனி அது நடக்காது. அவர் சில்லைத் திரும்பப் பூட்டினார்.

எழும்பும்போது சிவபாலன் உற்சாகமாகச் சொன்னார்: "உங்களுக்கெண்டு ஒரு நல்ல பொயின்ற் வச்சிருக்கிறன். ஜெபர்சன் ஜனாதிபதியா இருக்கேக்க துனிசியாவில இருந்து ஒரு தூதர் வந்தவராம். நோன்பு மாசம். விருந்து பின்னேரம் மூண்டரைக்கு. ஜெபர்சன் அதைச் சூரியன் மறையிற நேரத்துக்கு மாத்தினவராம். அதை எடுத்து விடுங்கோ, சபை உருகும்."

"உருகும்" என்றார் சிஹாப்தீன்.

மதியச் சாப்பாட்டு நேரங்களில், டிப்போவின் ஓய்வறையில் இருந்து அவர் ஜெபர்சனைப் படித்தார். எதையும் அக்கு அக்காகக் கழற்றிப் பார்த்துத்தான் அவருக்குப் பழக்கம். ஜெபர்சன் தம் கல்லறையில் என்ன எழுத வேண்டும் என்று தாமே குறித்து வைத்திருந்தார்: பிரகடனத்தை எழுதியவர், வேர்ஜீனியாவில் மதச் சுதந்திரச் சட்டத்தை ஆக்கியவர், ஒரு பல்கலைக்கழகத்தின் தந்தை. ஜனாதிபதியாக இருந்ததைக்கூட அதில் சேர்க்கவில்லை. அந்த மூன்றும் பெரிய வேலைகள்தான், சந்தேகமில்லை என்று சிஹாப்தீன் நினைத்தார். அடிமைமுறை ஒரு கேடு என்று அவரே எழுதியும் இருந்தார். எழுதிவிட்டு, தம் குன்றின் மேல் இருந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனார். சமைத்து வைத்தவர்கள் அவருடைய அடிமைகள்.

கல்யாணமாகி வேறு மாநிலத்தில், கிரெய்கிபர்னில் இருக்கும் நஷ்வா தொலைபேசியில் சிரித்தாள். "டாட், ஹி இஸ் கேன்சல்ட்! நியூயோர்க்கில சிலையையே கழட்டியாச்சு."

"கழட்டினதைத் திரும்பப் பூட்டுறதுதானே மகள் என்ர தொழில்" என்றார் அவர்.

அந்த நோன்பு விருந்தையும் தேடிப் பார்த்தார். உண்மைதான். ஜனாதிபதி மாளிகையின் குசினியில் அந்தக் காலத்தில் வேலை செய்தவர்களில் ஈடித் என்ற அடிமைப் பெண் ஒருத்தி. பிரெஞ்சுச் சமையல் பழகியவள். அவளுடைய கணவன் ஜோசப் ஒரு கொல்லன். ஜெபர்சன் இறந்தபோது உயிலில் ஐந்து பேருக்கு மட்டும் விடுதலை எழுதியிருந்தார். ஜோசப் அவர்களில் ஒருவன். ஈடித்தையும் பிள்ளைகளையும் மற்றவர்களோடு வீட்டு வாசலில் ஏலத்தில் விட்டார்கள். சிஹாப்தீன் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவி வைத்தார்.

பிறகு, ஜெபர்சனுக்காகப் பேசுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார். அவருடைய வேலை அதுதானே. அந்தக் காலத்தை வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அவர் வீட்டில் இல்லாதபோது மேற்பார்வையாளர்கள் செய்த கொடுமைகளுக்கு அவர் எப்படிப் பொறுப்பு என்றார்கள். நோக்கத்தைப் பாருங்கள், பின்னால் அவரே வருந்தவில்லையா, இப்போது இதைக் கிளறுவதால் யாருக்கு நன்மை என்றார்கள். ஒவ்வொன்றையும் வாசிக்கும்போது அவருக்கு ஒரு குரல் கேட்டது. எந்தக் கல்யாண வீடு, எந்த மேசை, சொன்னவர் கையில் என்ன பலகாரம் என்பதும் நினைவுக்கு வந்தது. பஸ் ஒன்று டிப்போவுக்குள் நுழையும்போதே சத்தத்தை வைத்து எங்கே பழுது என்று சொல்லுவாரே, அப்படித்தான். அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. அவருடைய கட்சிக்காரருக்கு வேண்டிய வாதங்கள் எல்லாம் பதினெட்டு ஆண்டுகளாகத் தமிழில் அவரிடம் தயாராக இருந்தன. மொழிபெயர்க்கும் வேலைகூட இல்லை.

ஆடி மாதக் குளிரில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், டூங்கபிச் சமூக மண்டபம் நிறைந்துவிட்டது. நடுவர் மகாதேவன், ஓய்வுபெற்ற வைத்தியர். கொழும்பில் வளர்ந்து, எழுபதுகளிலேயே சிட்னிக்கு வந்தவர். அழகான தமிழை ரசித்து ரசித்துக் கேட்பார். சிவபாலன் மேடை ஓரத்தில், நேரம் முடிந்தால் அடிக்கிற மணியோடு இருந்தார். நஸீரா மூன்றாம் வரிசையில், தடித்த கோட்டைக் கழற்றாமல் இருந்தாள். "உங்களுக்கு ஏன் இந்தக் கூத்து?" என்று வீட்டில் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

கௌசிகா முதலில் பேசினாள். தமிழ் அங்கங்கே இடறினாலும் வழக்கு இடறவில்லை. ஜெபர்சனின் இறந்த மனைவிக்குத் தகப்பன் வழியில் சகோதரியான சாலி ஹெமிங்ஸ் என்ற அடிமைச் சிறுமி பதினான்கு வயதில் பாரிஸுக்கு அவர் வீட்டுக்குப் போனதையும், பின்னால் அவருக்கே பிள்ளைகள் பெற்றதையும், அந்தப் பிள்ளைகளும் அடிமைகளாகவே பிறந்ததையும் சொன்னாள். "சமம் எண்டு எழுதின கை, கனம் நீதிபதி அவர்களே, அண்டைக்குப் பின்னேரம் என்ன செய்தது எண்டு கேட்கிறேன்" என்று முடித்தாள். கைதட்டல் நீண்டது.

சிஹாப்தீன் எழுந்து மைக்கின் உயரத்தைச் சரிசெய்தார்.

"கனம் நீதிபதி அவர்களே, என்னுடைய கட்சிக்காரர் இறந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. பிணை கேட்டும் பயனில்லை. வாய்தா கேட்டால் மட்டும் எத்தனை நாளும் காத்திருப்பார்."

சபை சிரித்தது. அவருடைய முகத்தைப் பார்த்து இன்னும் சிரித்தது. அவர் கல்லறை வாசகத்தைச் சொன்னார், மதச் சுதந்திரச் சட்டத்தை விளக்கினார். அரசன் ஒருவனுக்குக் கீழே பிறந்ததால் யாரும் அடிமையில்லை என்ற சொல், அதை எழுதியவரின் தோட்டத்து வேலியைத் தாண்டி, அவர் நினைத்தே பார்க்காத நாடுகளுக்கெல்லாம் போனதைச் சொன்னார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மகாதேவன் தலையை ஆட்டினார். பிறகு நோன்பு விருந்து. சூரியன் மறையும்வரை ஒரு நாட்டின் ஜனாதிபதி காத்திருந்தார் என்றதும் சிவபாலன் சொன்னபடியே சபை உருகிக் கைதட்டியது.

"அந்தக் குசினியில் வேலை செய்தவர்களில் ஈடித் என்று ஒருத்தி" என்று தொடர்ந்தார். கணவனுக்கு விடுதலை கிடைத்ததையும், அவளும் பிள்ளைகளும் ஏலத்தில் போனதையும், அதே தட்டையான குரலில் சொன்னார். "கற்றறிந்த எதிர்த்தரப்பு இதைச் சொல்ல மறந்துவிட்டது. நானே சொல்லிவிடுகிறேன். இதற்கு என் கட்சிக்காரரின் பதில் என்ன?"

அவர் மேடைத் தமிழை விட்டு, கல்யாண வீட்டு மேசையில் கதைக்கிற தமிழுக்கு வந்தார்.

"உயிரோடதானே விட்டது."

சிலர் பழக்கத்தில் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அது ஒரு காலம். அந்த நேரத்துச் சூழ்நிலை உங்களுக்குத் தெரியாது. ஆரோ ஒண்டு ரெண்டு பேர் காட்டிக் குடுத்ததுக்கு, அப்பிடி ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்திட்டுது."

"தலைவருக்குத் தெரிஞ்சிருக்காது. கீழ இருந்தவங்கள் செய்தது."

"பெரிய மனுசர் பெரிய பிழையும் விடுவினம். நோக்கத்தைப் பாருங்கோ."

"பிறகு பிழை எண்டு ஒத்துக்கொண்டவைதானே. இன்னும் என்ன வேணும்?"

"இப்ப இதைக் கதைச்சா எதிரிக்குத்தான் லாபம்."

"நீங்கள் நல்லாத்தானே இருக்கிறியள்? வீடு வாசல் எல்லாம் இருக்கு. எத்தினை வருஷம் போச்சு. பழசைப் பிடிச்சுக்கொண்டு இருந்தா முன்னுக்குப் போகேலாது."

ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில், அதை அவரிடம் சொன்னவர் அன்றைக்கு விட்ட அதே இடைவெளியை விட்டார். குரலை ஏற்றவில்லை, யாரையும் பார்க்கவில்லை. பின் வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போனார். முன் வரிசையில் ஒரு பெண் மடியில் இருந்த கைப்பையைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினாள். அவருக்குக் கொடுத்த நேரம் எப்போதோ முடிந்திருந்தது. சிவபாலன் மணிக்கு மேலே கையை வைத்தபடி இருந்தார், அடிக்கவில்லை.

"இவ்வளவும் போதும் என்று நினைக்கிறேன். என் கட்சிக்காரரை விடுதலை செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் இருந்தார்.

மகாதேவனுக்கு யாழ்ப்பாணத்துக் கல்யாண மேசைகள் பழக்கமில்லை. பேச்சு வழக்கில் இறங்கி வந்து எளிமையாக வாதாடிய அழகைப் பாராட்டினார். மனிதர் குறையுள்ளவர், அவர் விட்டுப்போன கருத்து குறையில்லாதது என்று விரிவாகச் சொல்லி, ஜெபர்சனை விடுதலை செய்தார். சிஹாப்தீனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முன்பக்கத்தில் சிலர் கைதட்டினார்கள். அது மண்டபத்தின் பாதி வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

வழக்கில் வென்றாயிற்று. பொன்னாடையின் ஜரிகை கழுத்தில் குத்தியது. உள்ளே ஏதாவது அசைகிறதா என்று சிஹாப்தீன் பார்த்தார். ஒன்றும் இல்லை.

பக்கத்து அறையில் தேநீரும் ரோல்ஸும் வைத்திருந்தார்கள். ஆட்கள் அவரைக் கண்டு வழிவிட்டார்கள், கிட்ட வரவில்லை. கௌசிகா மட்டும் நேரே வந்தாள்.

"கொங்கிராட்ஸ் அங்கிள். பட், ஐ ஹாவ் அ குவெஸ்சன். நான் டிபென்ஸ் ஆர்கியுமென்ட்ஸ் எல்லாம் தேடிப் படிச்சனான். காட்டிக் குடுத்தது எண்டு சொன்னீங்கள். ஈடித் ஆரைக் காட்டிக் குடுத்தவ? பிறகு, எதிரிக்கு லாபம் எண்டு. ஜெபர்சன் செத்த பிறகு ஆர் எதிரி?"

"அது ஈடித்துக்குச் சொன்னதில்லை பிள்ளை. எனக்குச் சொன்னது."

"உங்களுக்கா? ஆர் சொன்னது? ஏன்?"

அந்த நேரம் சிவபாலன் இரண்டு கடதாசிக் கோப்பைகளில் தேநீரோடு வந்து நின்றார். ஒன்றை சிஹாப்தீனிடம் நீட்டினார். தேநீர் கோப்பை விளிம்பால் வழிந்து சிவபாலனின் விரலில் சூடாக ஓடிக்கொண்டிருந்தது.

சிஹாப்தீன் தேநீரை வாங்கிக்கொண்டார். "நான் கதைக்கமாட்டன் எண்டு வாக்குக் குடுத்தனான். கதைக்கேல்லை. இனியும் கதைக்கமாட்டன். சிவபாலனைக் கேளுங்கோ. அவர் வாக்குக் குடுக்கேல்லை."

"அண்ணை, இப்ப ஏன்…" என்றார் சிவபாலன்.

"என்ன அங்கிள்?" கௌசிகா அவரிடம் திரும்பினாள். "அம்மா அப்பாவும் யாழ்ப்பாணம்தான். எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. வட் ஹாப்பன்ட்?"

"அது பிள்ளை, அந்த நேரத்துச் சூழ்நிலை எப்பிடியெண்டா…"

"நோ அங்கிள். என்ன நடந்தது?"

சிவபாலன் சிஹாப்தீனைப் பார்த்தார். சிஹாப்தீன் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்களின் பேச்சு ஒவ்வொன்றாக நின்றுபோனது. ரோல்ஸ் தட்டைக் கொண்டுவந்த ஒருவர் அதை வைக்க இடமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ர அண்ணாவும் இயக்கத்தில இருந்தவர்" என்றார் சிவபாலன். "அதை முதல் சொல்லிப்போடுறன்." கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்தார். "எங்கட வீட்டில இருந்து கொஞ்சத் தூரம் நடந்தாச் சோனகத் தெரு. தொண்ணூறாம் ஆண்டு, ஐப்பசி மாசம். நான் ரியூசனுக்குப் போட்டு வாறன். ஸ்பீக்கர் கட்டின வாகனம் ஒண்டு போகுது…"

மெதுவாகத்தான் சொன்னார். சில இடங்களில் நின்றார். மைதானத்தைச் சொன்னார், கொடுத்த நேரத்தைச் சொன்னார். சந்தியில் சோதித்ததை, சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு தானும் நின்று பார்த்ததைச் சொன்னார். கைக்குழந்தைக்காரி ஒருத்தியின் பால்மாப் பேணியைக்கூடத் திறந்து பார்த்தார்களாம். அது சிஹாப்தீனுக்குத் தெரியாத விஷயம். மைக் இல்லை. மண்டபம்கூட இல்லை, தேநீர் அறைதான். ஆனாலும் அவர்களில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிஹாப்தீன் நின்றார். ஏதோ வரும் என்று காத்திருந்தார். காலில் குளிர் ஏறியது, தேநீர் ஆறியது. வேறு ஒன்றும் வரவில்லை. ஆனால் போய்விட வேண்டும் என்றும் தோன்றவில்லை.

நஸீரா அவருடைய கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தாள். "போவம் வாங்கோ, பொன்னாடையும் போத்தியாச்சு" என்றாள்.

"பொறும்" என்றார் அவர். "அவர் சொல்லி முடிக்கட்டும்."